முதல் மூட்டைக்கு சைபர்

மொரப்பூரில் ஒரு பெண் எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராம் லோடுக்கு ஒரு மூட்டைப் புளியை முழுங்குகிறது என்ற செய்தி, தருமபுரி பஸ் ஸ்டாண்டில் ஒரே காலையில் மூன்று பேர் வாயிலிருந்து வந்தது. டீக்கடைக்காரர் ஒரு மூட்டை என்றார். அரூர் பஸ் கண்டக்டர் இரண்டு என்றார். மூன்றாமவர் மூட்டைக் கணக்கையே ஏற்கவில்லை. "மூட்டையெல்லாம் சும்மாங்க. எடை நேரா பெங்களூருக்குப் போவுது."

எடை எப்படி பெங்களூருக்குப் போகும் என்று கேட்டேன். "அதத்தான் கண்டுபுடிக்கணும்" என்று சொல்லி, அதை ஏற்றி அனுப்பியதே நான்தான் என்பது போல ஒரு பார்வை பார்த்தார்.

ஒரு விஷயத்தில் மட்டும் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்தப் பெண் புரோகிராமை இலவசமாகக் கொடுக்கிறார். "சும்மா குடுக்கறாங்கன்னாலே தெரிய வேணாமா?" என்றார் கண்டக்டர், விசில் ஊதுவதற்கு முன்னால். நியாயம்தான். காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு ரசீது கேட்காதவன்கூட, சும்மா கிடைத்த பொருளுக்குக் காரணம் கேட்காமல் விடமாட்டான். நானும் அந்த ஜாதிதான். மொரப்பூர் பஸ்ஸில் ஏறினேன்.

ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில், கோழித் தீவனக் கடைக்கு மாடியில் இருக்கிறது கோகிலவாணியின் ஆபீஸ். கீழே கடை வைத்திருப்பவர் அவருடைய கணவர் சத்யராஜ். படியேறுவதற்கு முன் அவர் கல்லாவை எட்டிப் பார்த்தேன். நீள நோட்டு, பால்பாயின்ட் பேனா. கம்ப்யூட்டர் இல்லை.

"வூட்டுக்காரம்மா புரோகிராம் நீங்க வெச்சுக்கலயா?"

"நாலு ஐட்டத்துக்கு எதுக்குங்க பொட்டி?" என்றார். குறித்துக்கொண்டேன். சொந்தக் கணவரே வைத்துக்கொள்ளாத சரக்கு.

கோகிலவாணிக்கு நாற்பத்தொரு வயது. பிறந்தது மொரப்பூருக்குப் பக்கத்து ஊரில், விவசாயக் குடும்பம். தருமபுரியில் கணக்கு படித்தார். ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் ஒன்பது வருடம் சரக்கு வரவை டைப் அடித்தார். அங்கே காசு கொடுத்து வாங்கி வைத்திருந்த புரோகிராம் ஒரு திங்கட்கிழமை காலை, "உங்கள் உரிமம் முடிந்தது" என்று சொல்லிப் படுத்துக்கொண்டது. வாசலில் லாரிகள். உள்ளே சரக்கு. எந்தச் சரக்கு எங்கே இருக்கிறது என்பது மட்டும் பூட்டின பெட்டிக்குள்.

"நம்ம டைப் அடிச்ச விவரத்த நமக்கே காட்ட மாட்டேங்குதுங்க. அன்னிக்கு வந்த கோவம்" என்றார். அந்தக் கோபத்தில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டார். ஊருக்குத் திரும்பி வந்து, புளி மண்டிகளுக்கென்று ஒன்று எழுதினார். எடை, மூட்டை, யார் கொண்டு வந்தது, யார் வாங்கினது எல்லாம் அதில் ஏறும். புரோகிராமை மட்டுமல்ல, அதை எழுதிய விதத்தையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார். வீட்டைக் கொடுத்துவிட்டு பிளானையும் கையில் கொடுப்பது மாதிரி. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், இடித்துக் கட்டலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். ஓப்பன் சோர்ஸ் என்று இதற்குப் பெயர். இப்போது முப்பத்தொரு மண்டிகளில் ஓடுகிறது.

"அப்ப சோத்துக்கு?"

"புரோகிராம்தாங்க இலவசம். நான் இலவசம் இல்ல. வந்து போட்டுக் குடுக்க, சொல்லிக் குடுக்க, பிரின்டர்ல பேப்பர் சிக்கினா எடுக்க, எல்லாத்துக்கும் வருசத்துக்கு இவ்வளவுன்னு வாங்கிக்கறேன்."

பதில் நேராக இருந்தது. நேரான பதில் வந்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும். மூட்டை விஷயத்தை எடுத்தேன்.

அவர் மறுக்கவில்லை. "வெள்ளிக்கிழமை முருகேஷ் மண்டியில எல்லா மண்டிக்காரங்களும் கூடறாங்க. வெச்சுக்கறதா, தூக்கிப் போடறதான்னு அன்னிக்கு முடிவு. மூட்டை திருடின்னு பேரு விழுந்துட்டா இந்தப் பக்கம் ஒரு மண்டிப் படி ஏற முடியாதுங்க. பதினோரு வருச வேல. பேரு போனா சோறும் போச்சு."

நடந்தது இதுதான்.

திரையில் நாம் பார்க்கும் பொத்தான், பெட்டி, பட்டியல் இதையெல்லாம் புரோகிராம் எழுதுகிறவர்கள் ஒவ்வொருவரும் தாங்களே இழைத்துக்கொண்டிருப்பதில்லை. கதவு, ஜன்னலை ரெடிமேடாக வாங்கி வீட்டில் மாட்டுவது போல, ரெடிமேட் தொகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்கிறார்கள். டூல்கிட் என்கிறார்கள். கோகிலவாணி அந்தக் காலத்தில் எடுத்த டூல்கிட்டை, செய்தவர்களே கைவிட்டுவிட்டார்கள். புதுக் கம்ப்யூட்டரில் எழுத்து எறும்பு சைசுக்குத் தெரிந்தது. கொம்பு ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலுமாகத் தமிழ் சிதறியது. வேறு ஒன்றுக்கு மாறியே ஆக வேண்டும். மூன்றைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் முருகேஷ் மண்டியில் வைத்து ஓட்டிப் பார்த்தார்.

முதலாவது, இன்டர்நெட் பார்க்கிற பிரவுசருக்குள்ளேயே ஓடுவது. அதன் கதையை மண்டி குமாஸ்தா அறிவழகன் எனக்குச் சொன்னார். அவர் குரலைத் தாழ்த்தித்தான் எதையும் சொல்வார். மணி என்ன என்று கேட்டாலும் அப்படித்தான்.

"பாக்க நல்லாத்தான் சார் இருந்துச்சு. ஆனா மேல ஒரு நீள டப்பா இருக்குமில்ல, வெப்சைட் பேரு அடிக்கறது? அதப் பாத்துட்டாரு மொதலாளி. 'டேய், இது நெட்டுடா. நம்ம எடையெல்லாம் எங்கயோ போவுது'ன்னாரு. கோகிலாக்கா, 'போவலண்ணா, இந்தக் கம்ப்யூட்டருக்குள்ளயே ஓடுது'ன்னாங்க. கேக்கல. நெட் ஒயரப் புடுங்கிக் காமிச்சாங்க. அப்பவும் ஓடுது. அங்கதான் சார் கெட்டுது."

"ஏன்?"

"ஒயர் இல்லாமயே அனுப்புதுன்னா எவ்வளவு பெரிய ஆளுங்க பின்னால இருக்கணும்னு கேட்டாரு."

முதலாவது அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போனது.

இரண்டாவது ஒரு பெரிய வெளிநாட்டுக் கம்பெனி செய்தது. மண்டியில் அதைப் பற்றி யாருக்கும் புகார் இல்லை. எழுத்து முத்து மாதிரி, வேகமும் நல்ல வேகம். அதைச் சந்தேகப்பட்டது கோகிலவாணிதான். நீங்களும் எல்லாவற்றையும் திறந்து கொடுத்தால் உங்களுக்கு இலவசம், மூடி வைத்தால் காசு என்பது அதன் நிபந்தனை. இவர்தான் திறந்து கொடுப்பவராயிற்றே, என்ன பயம்? நிபந்தனைப் பத்திரத்தை மூன்று தடவை படித்தார். பிறகு, "நாளைக்கு உங்கள் கம்பெனியை வேறொருவர் வாங்கிவிட்டால்?" என்று எழுதிக் கேட்டார். "கவலைப்பட வேண்டாம்" என்று அன்பாகப் பதில் வந்தது.

"அதுக்கப்புறந்தாங்க கவலையே வந்துது" என்றார்.

சட்டப்படி அதில் ஒரு குற்றமும் இல்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் ஓசூர்த் திங்கட்கிழமையைப் பார்த்தவருக்கு, கதவு திறந்திருக்கிறதா என்பது மட்டும் போதாது. சாவி யார் இடுப்பில் என்றும் தெரிய வேண்டும்.

மூன்றாவது, பல நாட்டு ஆட்கள் வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் சேர்ந்து செய்வது. சொந்தக்காரன் என்று யாரும் இல்லை. அழகும் இல்லை, சாம்பல் நிறத்தில் பீரோ மாதிரி நிற்கும். "யாருக்கும் சொந்தமில்லாட்டி, கெட்டுப்போனா யார்கிட்ட கேப்பீங்க?" என்றேன். "என்னையத்தான் கேக்கணும்" என்றார். அதைத்தான் ஒரே ஒரு நாள், பதினோரு லோடுக்கு ஓட்டினார். வதந்தி பிறந்த நாள் அது.

மண்டியில் எடை சொல்பவர் ராணியம்மாள். மூட்டை தராசில் ஏறியதும் எண்ணைக் கூவுவார், பிறகு எடையைச் சொல்வார், அறிவழகன் கம்ப்யூட்டரில் அடிப்பார். நம் பக்கத்தில் அளக்கும்போது யாரும் "ஒண்ணு" என்று தொடங்க மாட்டார்கள் என்பது தெரிந்ததுதானே. லாபம், ரெண்டு, மூணு என்றுதான் போகும். முதல் மூட்டை என்றால் அது லாபம். கொடுப்பவருக்கும் அதில் திருப்தி, எடுப்பவருக்கும் திருப்தி. யாருக்கு லாபம் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

பழைய டூல்கிட் பட்டியலின் முதல் வரிக்கு 1 என்று தானாக எண் போடும். புதியது சைபரில் தொடங்கும். கம்ப்யூட்டர்க்காரர்கள் பலருக்கு எண்ணிக்கை சைபரில்தான் ஆரம்பிக்குமாம். கோகிலவாணிக்கும் தெரியும். மற்ற இடங்களில் எல்லாம் மாற்றிவிட்டு இந்த ஓரத்தை விட்டுவிட்டார்.

சித்தேரி மலையிலிருந்து வந்திருந்தார் சின்னன். தன்னுடையது, தம்பியுடையது, மச்சான் வீட்டுடையது எல்லாம் சேர்த்து இருபத்துநான்கு மூட்டை. எடை போடும்போது திரையைப் பார்த்துக்கொண்டே நிற்கிற பழக்கம் அவருக்கு. படிக்கத் தெரியாது; எண் தெரியும். அது போதும்.

ராணியம்மாள், "லாபம்!" என்று கூவினார். திரையில் 0 விழுந்தது.

"நிறுத்து, நிறுத்து" என்றார் சின்னன். "ஆயா லாபங்குது. பொட்டி சைபர்ங்குது. என் மொத மூட்டைக்கு சைபரா?"

"அது வெறும் நம்பருப்பா, எடை பக்கத்துல இருக்குது பாரு" என்றார் அறிவழகன், ரகசியமாக. அவர் ரகசியமாகச் சொன்னதுதான் வினை. சின்னன் கடைசி வரை திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் நின்று, துண்டுச் சீட்டை வாங்கி, கடைசி மூட்டையின் எண்ணைப் பார்த்தார். 23. கொண்டு வந்தது 24. சீட்டை மடித்து அண்டர்வேர் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு அரூர் பஸ் ஏறினார். அந்த பஸ்ஸின் கண்டக்டர்தான் எனக்கு இரண்டு மூட்டை என்று சொன்னவர்.

வெள்ளிக்கிழமை முருகேஷ் மண்டியில் கால் வைக்க இடமில்லை. மண்டிக்காரர்கள் நாற்காலியில், மலைக்காரர்கள் மூட்டை மேல். முருகேஷ் விசேஷத்துக்கு வந்தவர்களை வரவேற்பதுபோல எல்லோருக்கும் டீ சொல்லிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரின் மேல் யாரோ ஒரு சாக்கைப் போட்டு மூடியிருந்தார்கள். அது தூசிக்கா, பயத்துக்கா என்று தெரியவில்லை.

கோகிலவாணி கம்ப்யூட்டரைத் தொடவில்லை. "அண்ணா, அந்தச் சீட்டக் குடுங்க" என்றார் சின்னனிடம்.

"குடுக்க மாட்டேன். வாங்கி வேற சீட்ட வெச்சுட்டீன்னா?"

"சரி, உங்க கையிலயே புடிச்சுக்குங்க. நான் எட்ட நின்னு படிக்கறேன்."

சின்னன் சீட்டை விரித்துப் பிடித்தார். இரண்டு கையாலும் பிடித்தார், காற்றில் போய்விடும் என்பது போல. கோகிலவாணி ராணியம்மாளைக் கூப்பிட்டார். "ஆயா, நீங்க எண்ணிக்கைய மட்டும் கூவுங்க. எடைய நான் சொல்றேன்."

"லாபம்!"

"நாப்பத்தொண்ணு."

"ரெண்டு!"

"முப்பத்தொம்பது."

அப்படியே போனது. என்னைக் கூட்டச் சொன்னார்கள். வெளியூர்க்காரன் என்பதால் இரண்டு பக்கமும் என்னைச் சமமாகச் சந்தேகப்பட்டார்கள், ஆகவே நான் பொதுவானவன். இருபத்துநான்கு என்று ராணியம்மாள் கூவியபோது சீட்டில் வரிகள் முடிந்தன. மொத்தம் தொள்ளாயிரத்து எழுபத்தொரு கிலோ. சீட்டின் அடியிலும் அதே 971.

"மூட்டை எங்கயும் போவலப்பா" என்றார் ஒரு மண்டிக்காரர். நாற்காலிகள் லேசாக நகர்ந்தன. சிலர் எழுந்தே விட்டார்கள். அத்தோடு கோகிலவாணி வீட்டுக்குப் போயிருக்கலாம். மூட்டை திருடி இல்லை என்று ஆகிவிட்டது. பதினோரு வருட வேலை பிழைத்தது.

சின்னன் விடவில்லை. "அப்ப இருவத்திமூணுன்னு ஏன் போட்டுருக்குது?"

கோகிலவாணி அந்த 23-ஐயே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் உதடு எதையோ கழித்துக்கொண்டிருந்தது. "உக்காருங்க எல்லாரும்" என்றார். "தப்பு இருக்குது. என் தப்பு."

சாக்கின் எடைக்காக மூட்டைக்கு ஒரு கிலோ கழிப்பது மண்டி வழக்கம். கடைசி வரியின் எண்ணைத்தான் மூட்டைக் கணக்கு என்று புரோகிராம் எடுத்துக்கொள்ளும். சைபரில் தொடங்கியதால் கடைசி வரி 23. ஆகவே 971-இலிருந்து கழித்ததும் 23 கிலோதான். "இருவத்திநாலு கழிச்சிருக்கணும். ஒரு கிலோ கொறவா கழிச்சுருக்குது. அன்னிக்குப் பதினோரு லோடு. லோடுக்கு ஒரு கிலோ."

கொஞ்ச நேரம் யாருக்கும் பிடிபடவில்லை. இத்தனை நாளும் எல்லோரும் ஒரே திசையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மலைக்காரன் மூட்டை போய்விட்டது என்றால் நம்ப எளிதாக இருந்தது. மலைக்காரனுக்கு ஒரு கிலோ கூடுதலாக வந்திருக்கிறது என்றால் கழுத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

முதலில் திருப்பியவர் முருகேஷ். "அப்ப பதினோரு கிலோ எனக்கா நட்டம்?"

"ஆமாங்கண்ணா."

"அதத் திருப்பி வாங்கணுமில்ல?"

ராணியம்மாள் கம்ப்யூட்டர் மேல் கிடந்த சாக்கை எடுத்து உதறினார். "வாங்குங்க மொதலாளி. வாங்கறதுக்கு முன்னால இதத் தராசுல ஒருவாட்டி போட்டுறலாம். எனக்கென்னமோ முக்கா கிலோகூடத் தேறாதுன்னு தோணுது."

"போடு ஆயா, போடு!" என்று மூட்டை மேலிருந்து குரல்கள். சாக்கு தராசுப் பக்கம் போனது. முருகேஷ் நாற்காலியை விட்டு எழுந்த வேகத்தை அந்த மண்டி அதற்குமுன் பார்த்திருக்காது. தராசின் சுவிட்சை அணைத்தார். "அது வேற விசயம். இன்னிக்குப் பேச வந்தது கம்ப்யூட்டர். ஏப்பா, டீ எங்க?"

முப்பத்தொரு மண்டிக்காரர்களுக்கும் சட்டென்று டீ மேல் ஆசை வந்தது.

புரோகிராமை வைத்துக்கொள்வதென்று முடிவானது. நம்பிக்கையால் அல்ல. ஒரு மண்டிக்காரர் எனக்கு விளக்கினார்: "தப்ப மறைச்சுருந்தா தூக்கிப் போட்டுருப்போம். அந்தம்மாவே வந்து ஒத்துக்குது பாருங்க, இதுல வேற என்னமோ இருக்குது. என்னான்னு தெரியற வரைக்கும் கண்ணுக்கு முன்னாலயே இருக்கட்டும்." மூன்றாவது டூல்கிட்டே இருக்கட்டும் என்றார்கள், ஒரு நிபந்தனையோடு. முதல் வரியில் சைபரும் கூடாது, ஒண்ணாம் நம்பரும் கூடாது. லாபம் என்று எழுத வேண்டும்.

இரண்டே நாளில் எழுதிவிட்டார். மூன்றாவதை எடுத்ததன் வசதி அது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இந்த வசதி மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று அந்தப் பல நாட்டு ஆட்களுக்கும் அனுப்பி வைத்தார். அங்கிருந்து ஒருவர், "முதல் வரிக்கு எண்ணுக்குப் பதில் வேறு சொல் எதற்கு? உங்கள் உண்மையான நோக்கம் என்ன?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். உலகம் முழுக்க நம் ஆட்கள்தான்.

திங்கட்கிழமை சின்னன் மலையிலிருந்து இறங்கி வந்தார். மற்ற பத்து லோடுக்காரர்களுக்கும் அந்த ஒரு கிலோ விஷயம் காதில் விழவே இல்லை. ஆனால் சின்னன் ஊர் முழுக்கக் கத்தியவர். கத்தினவருக்குக் காது கேட்கவில்லை என்று சொல்ல வழியில்லை. மஞ்சள் பையில் ஒரு கிலோ புளி. முருகேஷிடம் நீட்டினார்.

"வேணாம்பா, எடுத்துட்டுப் போ" என்றார் முருகேஷ். வாங்கினால் ஒரு கிலோ வரும். கூடவே சாக்கும் தராசுக்கு வரும்.

சின்னனுக்கு அது பிடிக்கவில்லை. "குடுக்கறத வேணாங்கறாரு. எதுக்கு வேணாங்கறாரு? அடுத்த லோடுல புடிக்கறதுக்கா?" என்று கோகிலவாணியின் மாடிக்கு வந்தார். "ஏம்மா, தப்பு உன்னுது. நீயே வெச்சுக்க."

"ஐயய்யோ, நான் வாங்குனா புளி வாங்கிட்டான்னு பேசுவாங்கண்ணா."

"அப்ப யாருக்குத்தான் குடுக்கறது?" பையை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு இறங்கிப் போனார்.

போன வாரம் நான் போனபோதும் பை அங்கேதான் தொங்கியது. சத்யராஜ் கீழே கடைக்குள்ளிருந்து, "சார், நீங்களாவது எடுத்துட்டுப் போயிருங்க" என்றார். நான் பையைத் தொடவில்லை. சித்திரை வெயிலில் புளி வற்றி எடை குறைந்திருக்கும் என்று சின்னனுக்கு மலையில் கவலையாம். அடுத்த சந்தைக்கு இறங்கும்போது மேலே ஒரு பிடி சேர்த்துவிடுவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.